தறியின் அகலமே பையின் அகலம்: மாயன் துணியும் தோலும் சேர்த்துக் கைப்பை செய்வது எப்படி

மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலாவின் மலைநாட்டில் மாயன் பழங்குடிப் பெண்கள் இடுப்புத்தறியில் நெய்யும் துணிக்கு நான்கு பக்கமும் கரை, அதாவது நூல் பிரியாத நெய்த ஓரம், உண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இரண்டு கட்டைகளுக்கு இடையே சுற்றி, ஒரு கட்டையை மரத்திலோ தூணிலோ கட்டி, மற்றதை இடுப்புப் பட்டையோடு பிணைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுவிசை கொடுத்து நெய்கிறார்கள். நெய்து முடித்துக் கட்டையை உருவினால் துணி அப்படியே முழுதாக வந்துவிடும், எங்கும் வெட்டு விழாது. கடைசிச் சில சென்டிமீட்டரில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் செலுத்த இடமே இருக்காது. மெல்லிய குச்சியாலும் ஊசியாலும் இழை இழையாகக் கோத்து அடைக்க வேண்டும். கையில் துணி கிடைத்தால் ஒரு முனையைத் தடவிப் பாருங்கள். நெசவு சற்றுத் தளர்ந்து, ஊடை லேசாக அலைந்து தெரியும் ஒரு பட்டை இருந்தால் அங்கேதான் அந்தப் பெண் வேலையை முடித்திருக்கிறார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோலையும் இந்தத் துணியையும் சேர்த்துப் பை செய்கிறவர்கள் பெரும்பாலும் பையின் வடிவத்தைத் தீர்மானித்துவிட்டு, துணியை அதற்கேற்ப வெட்டுகிறார்கள். கரை போகிறது, எழும்பி நிற்கும் புட்டா உருவங்களின் ஊடை பிரிகிறது, இரண்டு வருடத்தில் தையலோரம் உதிர்கிறது. துணியின் அகலத்தை முதலில் அளந்து, அந்த அகலத்துக்குப் பையை வரைவதுதான் சரியான வழி. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா அளவுகளும் 38 செ.மீ. அகலத் துணிக்கானவை. உங்கள் துணி 34 என்றால் பையும் 4 செ.மீ. ஒடுங்கட்டும்.

துணியை அறிதல்

பெண்கள் உடுத்தும் மேலாடைக்கு வீபில் என்று பெயர். பாவாடையாகச் சுற்றுவது கோர்தே, அதன் மேல் கட்டும் இடைக்கச்சை ஃபாஹா. வீபில் பெரும்பாலும் இடுப்புத்தறித் துணி. இரண்டு அல்லது மூன்று பலகங்களை நீளவாக்கில் இணைத்துச் செய்வார்கள். ஒரு பலகத்துக்கு லியென்ஸோ என்றும், பலகங்களை இணைக்கும் அழகுத் தையலுக்கு ராந்தா என்றும் பெயர். கோர்தே துணி மிதிதறியில் நெய்வது. மிதிதறி ஸ்பானியர் கொண்டுவந்தது, அதில் பெரும்பாலும் ஆண்கள் வேலை செய்கிறார்கள். கோர்தேயில் வரும் மங்கலான நீலவெள்ளைக் கோலத்துக்கு ஹாஸ்பே என்று பெயர். நம் சுங்குடியில் நெய்த துணியை முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுகிறோம். ஹாஸ்பேயில் நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் தோய்க்கிறார்கள். கெத்ஸால்தெனாங்கோ நகருக்குப் பக்கத்தில் உள்ள சல்கஹா ஊர் இதற்குப் பெயர் பெற்றது.

பைக்கு எது ஏற்றது? கோர்தே துணி சமதளமாக, உறுதியாக, கெஜக்கணக்கில் கிடைக்கும். அங்கே அளப்பது வாரா கணக்கில், ஒரு வாரா சுமார் 84 செ.மீ. முதல் பைக்கு இதையே பரிந்துரைக்கிறோம். வீபில் துணியில் புட்டா போடுவது போலக் கூடுதல் ஊடை நூலால் உருவங்கள் எழும்பி நிற்கும். அழகு அதில்தான், சிக்கலும் அதில்தான். மேலே மிதக்கும் நூல் 1 செ.மீ.க்கு மேல் நீளமாக இருந்தால் மோதிரத்திலும் வளையலிலும் சிக்கி இழுபடும். அப்படிப்பட்ட துணியை மாலை விழாப் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினசரிப் பைக்கு வேண்டாம்.

ஊருக்கு ஊர் நெசவு மாறும். நெபாஹ் ஊரில் இஷில் என்ற மாயன் மொழி பேசும் பெண்கள் பறவைகளையும் மனித உருவங்களையும் நெருக்கமாக நெய்வார்கள். அது கனமான துணி, பைக்கு மிக நல்லது. சான் அந்தோனியோ அகுவாஸ் கலியெந்தேஸ் ஊரில் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலத் தெரியும் நுட்பம் உண்டு. இதில் மிதக்கும் நூல் குறைவு, சிக்கலும் குறைவு. சந்தியாகோ அதித்லான் வீபிலில் ஊதாக் கோடுகள் ஓடும் வெள்ளைத் துணியில் பறவைகளும் பூக்களும் ஊசித்தையலாக வரும். வெள்ளைத் தளம் என்பதால் பக்கத்துத் தோலின் சாயம் ஏறுகிறதா என்று இருமடங்கு கவனம் தேவை. கோபான் பகுதியில் கெக்சி என்ற மாயன் மொழி பேசும் பெண்கள் வெள்ளையில் வெள்ளையாக நெய்யும் பிக்பில் துணி வலைபோல மெல்லியது. அதைப் பையாக்க ஆசைப்பட வேண்டாம்.

எதை வாங்கலாம், எதை வெட்டக் கூடாது

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும் கூடும், சொலொலா சந்தை செவ்வாயும் வெள்ளியும். உடுத்திப் பழகிய வீபில்கள் இரண்டிலும் கிடைக்கும். வாங்கும்போது அக்குளையும் கழுத்தோரத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், முதலில் நைந்துபோவது அங்கேதான். வீபிலின் கீழ்ப்பகுதி கோர்தேவுக்குள் செருகப்பட்டிருக்கும் என்பதால் நிறம் மங்காமல் இருக்கும், ஆனால் பல ஊர்களில் அங்கே உருவங்கள் குறைவு. மார்புப் பகுதிதான் பைக்கு வேண்டியது.

சமயச் சகோதரக் கூட்டங்களின் சடங்குகளில் உடுத்தும் வீபில்களை வெட்டவே கூடாது. அவை அளவில் பெரியவை, நுணுக்கம் மிகுந்தவை. சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் தயங்காமல் சொல்வார்கள். மிகப் பழைய துணிகளும் அப்படியே. குவாத்தமாலா நகரில் உள்ள இஷ்செல் உடை அருங்காட்சியகத்தை ஒருமுறை சுற்றிவந்தால் எது பழையது, எது அரியது என்று கண் பழகிவிடும். கத்தரியை எடுப்பதற்கு முன் செலவழிக்க வேண்டிய அரைநாள் அது.

அச்சடித்த போலிகளும் சந்தையில் நிறைய வருகின்றன. துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால் அச்சு. பின்பக்கம் முழு அகலத்துக்கும் நூல்கள் நீளமாக ஓடினால் விசைத்தறி. கைநெசவில் ஒவ்வொரு நிற நூலும் தன் உருவத்தின் விளிம்பிலேயே திரும்பும். பஞ்சா அக்ரிலிக்கா என்று அறிய ஓரத்து நூல் ஒன்றை எரியுங்கள். பஞ்சு காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும். புட்டா நூல் மட்டும் அக்ரிலிக்காக இருப்பது மிகச் சாதாரணம், அதனால் துணி மட்டமாகிவிடாது. இஸ்திரி போடும்போது நினைவில் இருந்தால் போதும்.

பழைய வீபிலை வெட்டுவதைவிட நல்ல வழி, பைக்கென்றே புதிதாக நெய்யச் சொல்வது. 38 செ.மீ. அகலமும் 23 செ.மீ. நீளமும் கொண்ட துண்டு நான்கு கரையோடு கிடைக்கும், வெட்டவே வேண்டாம். அதித்லான் ஏரிக்கரையில் உள்ள சான் ஹுவான் லா லகூனா ஊரின் பெண்கள் கூட்டுறவுகள் தாவரச் சாயத்தில் நெய்கின்றன. கெத்ஸால்தெனாங்கோவில் 1988இல் பெண்களே தொடங்கிய த்ராமா தெக்ஸ்தீலெஸ் சங்கம் நெசவும் கற்றுத்தருகிறது, அங்கே இரண்டு நாள் தறியில் உட்கார்ந்தால் துணியின் விலை ஏன் அவ்வளவு என்ற கேள்வியே எழாது. நெய்யச் சொல்லும்போது நூல் செலவை முன்பணமாகக் கொடுங்கள். பலர் சாண் கணக்கில் அளப்பவர்கள், எனவே வேண்டிய அளவுக்குக் காகிதம் வெட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள். அப்படியும் 1 முதல் 2 செ.மீ. கூடக்குறைய வரும், அது தறியின் இயல்பு. நெருக்கமான புட்டா வேலைக்கு வாரங்கள் ஆகும், முழு வீபில் என்றால் மாதங்கள். பெயரோடு டோன்யா சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை. பேரம் பேசுவதானால் தோல்கடையில் பேசுங்கள், நெசவாளியிடம் வேண்டாம்.

துணியைத் தயார் செய்தல்

முதலில் சாயச் சோதனை. நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு, ஊதா, கருப்பு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீரில் மென்சோப்புக் கரைசல், 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம், 10 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் அலசி, துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் படுக்கப்போட்டுக் காயவையுங்கள். உடுத்திய வீபிலில் அடுப்புப் புகை வாடை இருக்கும். இரண்டு மூன்று நாள் காற்றாட விட்டால் பெரும்பகுதி போய்விடும்.

சாயம் ஒட்டினால் ஊறவைக்காதீர்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை அவை பிடித்து நிறுத்துவதில்லை. உலர்சலவைக்குக் கொடுங்கள், இல்லையென்றால் துவைக்காமலே வைத்து, கருந்தோலோடு மட்டும் சேருங்கள். அலசும்போது வெள்ளைப் பகுதியில் இளஞ்சிவப்பு ஏறிவிட்டால் காயவிடாமல் உடனே ஓடும் நீரில் மீண்டும் அலசுங்கள். காய்ந்துவிட்டால் அந்தக் கறை நிரந்தரம்.

வீபிலிலிருந்து எடுப்பதானால் கத்தரியை எடுக்காமல் முதலில் ராந்தாவைப் பிரியுங்கள். தையல் பிரிக்கும் முள்ளால் மூன்று தையலுக்கு ஒன்றை அறுத்தால் மற்றவை தானே வந்துவிடும். அப்போது பலகம் இரண்டு பக்கக் கரையோடும் முழு அகலத்தில் கையில் இருக்கும். நீளத்தில் மட்டுமே வெட்ட வேண்டியிருக்கும். வெட்டப்போகும் கோட்டுக்கு இருபுறமும் 3 மி.மீ. தள்ளி மெஷினில் ஒவ்வொரு நேர்த்தையல் ஓட்டிவிட்டுப் பிறகு நடுவே வெட்டுங்கள். தையல் ஓட்டாமல் வெட்டினால் புட்டா நூல் பிடிப்பு இழந்து, இழுக்கும்போதெல்லாம் நழுவி, உருவத்தின் பாதி காணாமல் போகும்.

கோட்டைத் துணியின் ஓரத்தைப் பார்த்துப் போடாதீர்கள். இடுப்புத்தறித் துணி சரியான செவ்வகமாக இருப்பதில்லை. இழுவிசை மாறுவதால் ஓரங்கள் உள்ளே போய் வெளியே வரும். உருவ வரிசையைப் பிடித்துக் கோடு போடுங்கள், ஓரத்துக் கோணலைத் தோல் மறைத்துவிடும். அடையாளத்துக்குப் பேனா வேண்டாம், மாறுநிற நூலால் நீளத்தையல் போட்டால் போதும்.

அடுத்து பின்னணித் துணி. 40க்கு 24 செ.மீ. அளவில் மெல்லிய பருத்திக் கேன்வாஸ் எடுங்கள். முழுப் பருத்தித் துணிக்கு இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ் சரிவரும். அக்ரிலிக் நூல் இருந்தால் இஸ்திரிச் சூட்டில் எழும்பி நிற்கும் உருவம் நசுங்கிப் பளபளத்துவிடும், திரும்பவும் எழும்பாது. அதற்குச் சாதாரணக் கேன்வாஸைப் பின்னால் வைத்து, 3 செ.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக நீளத்தையல் போட்டுப் பிடியுங்கள். துணியை விறைப்பாக இழுத்துத் தைத்தால் விட்டதும் சுருங்கி முகடு முகடாக நிற்கும். மேசையில் தளர்வாகப் படுத்திருக்கும் நிலையிலேயே தையுங்கள்.

தோல்

இந்தப் பைக்கு வேண்டியது குரோம் உப்பில் பதனிட்ட மென்மையான மாட்டுத்தோல், 1.2 முதல் 1.4 மி.மீ. தடிமன். உள்ளிருந்து தைத்துப் புரட்டும் பை என்பதால் அதற்குமேல் தடித்தால் புரளாது. கைப்பிடிக்கு மட்டும் 1.6 மி.மீ., இரண்டு அடுக்கு. குவாத்தமாலாவிலேயே செய்வதானால் அந்திகுவாவுக்குப் பக்கத்தில் உள்ள பஸ்தோரெஸ் ஊர் காலணித் தொழிலுக்குப் பெயர் போனது, தோல் வேலை தெரிந்தவர்கள் அங்கே நிறைய. மரப்பட்டையில் பதனிட்ட தோலும் நல்லதே. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு வந்த தோலும் இந்த வகைதான். ஆனால் சாயம் ஏற்றாத வெளிர் தோல் துணியின் சாயத்தை உறிஞ்சும், வெயிலில் கருக்கும். விறைப்பாகவும் இருக்கும். அந்தத் தோலை வெளித்தையல் பைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கும் ஒரு சாயச் சோதனை உண்டு. ஈர வெள்ளைத் துணியால் 20 முறை தேயுங்கள். நிறம் வந்தால், மழையில் நனையும் முதல் நாளே அந்த நிறம் மாயன் துணியின் ஓரத்தில் ஏறும். வேறு தோல் தேடுங்கள்.

வெட்ட வேண்டிய பாகங்கள், எல்லாம் செ.மீ.யில்:

முன்பக்கம் 42 × 37, ஒன்று
பின்பக்கம் 42 × 37, ஒன்று
பக்கவாட்டு 14 × 37, இரண்டு
அடி 14 × 42, ஒன்று
கைப்பிடிப் பட்டை 2.5 × 72, நான்கு

மொத்தம் ஏறக்குறைய 5,450 சதுர செ.மீ., அதாவது 6 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. தோலில் தழும்பும் சுருக்கமும் ஓட்டையும் இருக்கும் என்பதால் 8 சதுர அடி வாங்குங்கள். வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும், அங்கிருந்து கைப்பிடி வெட்டினால் ஒரே மாதத்தில் நீண்டு தொங்கும். கைப்பிடிப் பட்டையை முதுகெலும்பு ஓடும் திசைக்கு இணையாக, முதுகுப் பகுதியில் வெட்டுங்கள்.

முடிந்த பை 40 செ.மீ. அகலம், 34 உயரம், 12 ஆழம். சுற்றுத் தையலுக்கு 1 செ.மீ., வாயை உள்மடிக்க 2 செ.மீ. சேர்த்த கணக்கு இது.

சன்னல்

முன்பக்கத் தோலில் 36 × 20 செ.மீ. சன்னல் வெட்டி, அதன் பின்னால் துணியை வைப்பதே இந்தப் பையின் மையவேலை. இரு பக்கமும் 3 செ.மீ., மேலே 8, கீழே 9 செ.மீ. தோல் நிற்கும். நான்கு பட்டைகளைத் துணியைச் சுற்றி இணைத்தும் செய்யலாம், தோல் மிச்சம். ஆனால் பையின் கனத்தை இணைப்புகள் தாங்க வேண்டியிருக்கும். ஒரே தோலில் சட்டம் வெட்டினால் கனம் முழுவதும் தோலிலேயே இறங்கும், துணி எதையும் தாங்க வேண்டியதில்லை. இதை விட்டுக்கொடுக்காதீர்கள். கைப்பிடியைத் துணியில் தைத்த பை எதுவும் நிலைத்ததில்லை. வெட்டி எடுத்த துண்டு வீணாகாது, உள்பைக்கும் கைப்பிடியின் பின்பட்டைக்கும் உதவும்.

மூலைகளை முதலில் 1 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளைப்பானால் துளைத்து, துளைகளை இணைத்து நேராக வெட்டுங்கள். கூர் மூலையில் வெட்டினால் ஒரு நாள் அங்கிருந்துதான் கிழியும். சன்னலின் விளிம்பை உள்பக்கமிருந்து 1 செ.மீ. அகலத்துக்குச் சீவி 1 மி.மீ. ஆக்குங்கள். துணியை வைக்கும் முன்பே விளிம்புச் சாயம் பூசி முடித்துவிடுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பு. துணியை வைத்தபின் பூச நினைத்தால் ஒரு சொட்டு போதும், பல வார நெசவு போச்சு.

தையல் துளைகளையும் துணியில்லாமல், தோலில் மட்டும் போடுங்கள். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு கிழித்து, 4 மி.மீ. இடைவெளியில் துளை உளியால் அடியுங்கள். சுற்றளவு 112 செ.மீ., ஏறத்தாழ 280 துளை.

இனி துணி. சட்டத்தின் பின்பக்கத்தில், துளைவரிசைக்கு வெளியே 3 மி.மீ. அகல இருபக்க ஒட்டுநாடா ஒட்டுங்கள். ரப்பர் சொல்யூஷன் வேண்டாம். அது நூல் வழியே ஏறி முன்பக்கம் வரும், சில மாதங்களில் மஞ்சளாகும், எதனாலும் போகாது. துணியை மேசையில் படுக்கவைத்து, சட்டத்தை மேலிருந்து இறக்குங்கள். கரைப் பக்கம் 1 செ.மீ., வெட்டிய பக்கம் 1.5 செ.மீ. தோலுக்கடியில் போக வேண்டும். ஒட்டுவதற்குமுன் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். உருவ வரிசை 2 மி.மீ. சாய்ந்தாலும் கண் அங்கேயே போகும்.

இப்போது தையல். தோல் ஊசியின் முனை கத்திபோல வெட்டும் வகை. தோலுக்கு அது வேண்டும், துணிக்கு அதுவே எமன். ஒவ்வொரு குத்திலும் ஒரு பாவு நூலை அறுத்துக்கொண்டே போகும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. துணி கொஞ்சம் இழுபட்டதும், தபால்தலைத் தாள் துளைவரிசையில் கிழிவது போலத் தையலோரமாகப் பிரியும். ஆகவே துளை உளியைத் துணிமேல் அடிக்கக் கூடாது. முனை மழுங்கிய குத்தூசியைத் தோலின் துளை வழியே விட்டு, லேசாகத் திருகுங்கள். நூல்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிடுவது விரலுக்குத் தெரியும். அந்த வழியில் மொட்டை முனை ஊசியைச் செலுத்துங்கள். மெஷினில் தைப்பதானாலும் இதே காரணத்துக்காகத் தோல் ஊசியைக் கழற்றிவிட்டு உருண்டைமுனை ஊசி மாட்டி, துளைத்த வழியிலேயே கையால் சக்கரத்தைத் திருப்பித் தையுங்கள்.

கைத்தையலுக்கு 0.6 மி.மீ. மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல், நூலின் இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி. ஒரே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும். தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் வேண்டும், இந்தச் சன்னலுக்கு நான்கரை மீட்டர். மொத்தமாக எடுத்தால் இழுத்திழுத்து நூல் நைந்துவிடும். பக்கத்துக்கு ஒரு நூலாக நான்காகப் பிரித்து, முடிக்கும் இடத்தில் மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு நிறுத்துங்கள். தோலுக்குக் கொடுக்கும் இறுக்கத்தில் பாதி போதும். துணி பள்ளம் விழுந்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

முதன்முறை செய்பவர்கள் இந்தச் சன்னலை மட்டும், மலிவான கைத்தறித் துண்டிலும் தோல் கழிவிலும் 10 செ.மீ. அளவில் இரண்டு முறை செய்து பழகுங்கள். மாயன் துணியில் கைவைப்பது அதற்குப் பிறகு.

பையாகச் சேர்த்தல்

கைப்பிடிப் பட்டைகளை இரண்டிரண்டாகப் பின்புறம் சேர்த்து ஒட்டி, இருபக்கமும் 3 மி.மீ. உள்ளே தைத்து, விளிம்பை 240, 400, 600 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்துச் சாயம் பூசுங்கள். குரோம் தோல் விளிம்பு மெழுகு தேய்ப்பதால் மட்டும் மூடாது, சாயம்தான் வழி. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் கைப்பிடிகளை இணைப்பது பையைச் சேர்ப்பதற்கு முன்னால். மடித்தபின் வாயாக வரப்போகும் கோட்டிலிருந்து 5.5 செ.மீ. கீழே கைப்பிடி முனை நிற்க வேண்டும். பக்கத்தையலிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். தோலின் உள்பக்கம் 4 × 5 செ.மீ. பின்பட்டை கொடுத்து, வாயிலிருந்து 2.5 செ.மீ. கீழே தொடங்கிக் கட்டமும் குறுக்கும் போட்டுத் தையுங்கள். மேல் 2.5 செ.மீ. தையலில்லாமல் தளர்வாக இருக்கட்டும், வாய்த்தையல் பிறகு அதன் அடியில் ஓட வேண்டும்.

ரிவிட், வளையம் எல்லாம் முழுப் பித்தளையாக வாங்குங்கள். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரும்பை அது காட்டிக்கொடுக்கும், முலாம் பூசிய துத்தநாகக் கலவையைக் காட்டாது. மறைவான இடத்தில் ஊசியால் கீறினால் பித்தளை உள்ளேயும் மஞ்சளாக இருக்கும், மற்றது சாம்பல் நிறம் காட்டும்.

எல்லாத் தோல் ஓரங்களையும் 1 செ.மீ. அகலத்துக்கு 0.8 மி.மீ. வரை சீவுங்கள். பக்கவாட்டு இரண்டையும் அடியின் இரு முனையிலும் சேர்த்துத் தையுங்கள், ஆனால் ஒவ்வொரு தையலும் ஓரத்துக்கு 1 செ.மீ. முன்பே நிற்க வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டர் திறந்திருந்தால்தான் மூலையில் தோல் திரும்பும். கடைசிவரை தைத்துவிட்டால் நான்கு மூலையும் குமிழ்விட்டு நிற்கும், புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பிறகு நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து, அடியின் நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மேல்நோக்கித் தைத்துப் போங்கள்.

புரட்டும்போது அடி மூலைகளை முதலில் கட்டைவிரலால் அழுத்தி வெளியே தள்ளுங்கள், சன்னலைக் கடைசியில். துணிப்பகுதியைப் பிடித்து இழுக்காதீர்கள், தோலைப் பிடியுங்கள். சன்னல் சுற்றுத் தையலிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருப்பதால் துணி மடிய வேண்டியதில்லை.

உள்துணி நெருக்கமான பருத்தி டிரில். தோல் பாகங்களைவிட 3 மி.மீ. ஒடுக்கி, உயரம் 35 செ.மீ. வைத்துத் தனிப்பையாகத் தையுங்கள். சாயம் விடாத துணியா என்று இதையும் சோதிக்க வேண்டும். அடியில் 39 × 11.5 செ.மீ. அட்டையோ கெட்டித் தோலோ போட்டு, உள்பையை இறக்கி, அதன் மேல்விளிம்பை 1 செ.மீ. பின்னால் மடித்து, தோல்வாயின் 2 செ.மீ. மடிப்புக்கடியில் செருகுங்கள். வாயிலிருந்து 1.6 செ.மீ. கீழே சுற்றிவரத் தையுங்கள். கைப்பிடி வரும் இடத்தில் அதைத் தூக்கிவிட்டு அடியிலேயே போகலாம்.

தோலுக்கு எண்ணெயோ கிரீமோ தடவுவதென்றால் அதை வெட்டும் முன்பே தடவி ஒரு நாள் ஊறவிட்டுவிடுங்கள். முடிந்த பையில் தடவினால் ஓரத்தில் துணி எண்ணெயை உறிஞ்சிக் கருநிழல் விழும். பின்னாளில் தடவியே ஆக வேண்டுமென்றால் சன்னலைக் காகிதத்தால் மூடி, ஓரத்திலிருந்து 5 மி.மீ. விட்டுத் தடவுங்கள்.

தோளில் மாட்டும்போது துணிப்பக்கம் வெளியே பார்க்கட்டும். பின்பக்கத்தை முழுத்தோலாக வைத்ததே இதற்காகத்தான். இடுப்பில் உரசும் பக்கம் துணியிருந்தால் பஞ்சு எழும், வெள்ளைச் சட்டையில் சிவப்பும் ஏறும்.

விற்பதானால்

இந்த உருவங்கள் யாருடையவை என்பது குவாத்தமாலாவில் நீதிமன்றம் வரை போன கேள்வி. அஃபெடெஸ் என்ற பெண்கள் அமைப்பு 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடியது. மாயன் நெசவைக் காக்கச் சட்டம் இயற்றும்படி நீதிமன்றம் 2017இல் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. கூட்டு உரிமையை அங்கீகரிக்க வேண்டும், நெய்தவர்களைக் கேட்காமல் நிறுவனங்கள் உருவங்களை எடுத்தாளக் கூடாது என்பது அந்தப் பெண்களின் கோரிக்கை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனவே ஓர் ஊரின் உருவத்தை உங்கள் வணிகச் சின்னமாக்காதீர்கள், அச்சடித்துப் பெருக்காதீர்கள். ‘மாயன் துணி’ என்று பொதுவாக எழுதுவதும் போதாது. குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயன் மொழிகள் பேசப்படுகின்றன, ஒவ்வொரு ஊருக்கும் தன் நெசவு உண்டு. பையோடு வைக்கும் அட்டையில் ஊர்ப்பெயர், நெய்தவர்களின் மொழிக்குழு, நெசவு வகை, நூல் எது, துணி புதிதா உடுத்தியதா என்பதை எழுதுங்கள். நெய்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

அதே உறையில் துணியின் மிச்சத்தில் ஒரு 5 செ.மீ. துண்டும், புட்டா நூலில் ஒரு மீட்டரும், தைத்த மெழுகு நூலில் இரண்டு மீட்டரும் சுருட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்துத் துணியில் ஓர் இழை சிக்கிப் பிரிந்தால், பழுது பார்ப்பவருக்கு அதே நிறமும் அதே தடிமனும் வேறெங்கும் கிடைக்காது.